கிட்டார்மேல் வாங்கிய ஆட்டோகிராஃபைக் காப்பாற்றுவது எப்படி?

என் தம்பியின் கிட்டாரில் ஒரு பெரிய இசைக்கலைஞரின் கையெழுத்து இருக்கிறது. முழுசாக இல்லை, முக்கால்வாசிதான். கடைசி எழுத்தின் வால் கலங்கிப்போய், டீ சிந்திக் காய்ந்த கறை மாதிரி மரத்தின்மேல் நிற்கிறது. அது கலங்கியது என் கையால். சென்னையில் கச்சேரி முடிந்து ஒரு மணி நேரம் காத்திருந்து அவன் வாங்கிய கையெழுத்து. அழியாமல் இருக்கட்டும் என்று நான் ஹார்டுவேர் கடையில் கிளியர் ஸ்பிரே வாங்கிவந்து அடித்தேன். "அக்கா, போதும், நிறுத்து" என்று அவன் என் கையைப் பிடிப்பதற்குள் மை ஓடத் தொடங்கிவிட்டது.

அதற்கப்புறம் ஒன்றரை வருடம் பலரிடம் கேட்டும், பழைய பிளாஸ்டிக் மூடிகளில் எழுதி எழுதிச் சோதித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். நான் இருப்பது வேலூர் சத்துவாச்சாரி. நம் சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் எது சரிப்படும் என்று பார்த்து எழுதியிருக்கிறேன், ஏனென்றால் குளிர்நாட்டுக்காரர்கள் சொல்கிற சில யோசனைகள் இங்கே வேலைக்கு ஆகாது. கிட்டாரை வைத்தே சொல்கிறேன். மிருதங்கம், வீணை, வயலின் வைத்திருப்பவர்களுக்குப் பின்னால் தனியாக ஒரு பகுதி இருக்கிறது.

முழுவதும் படிக்க நேரமில்லை என்றால் இது ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: கையெழுத்தின்மேல் எதையும் பூசாதீர்கள், எதையும் ஒட்டாதீர்கள். கை, வெளிச்சம், ஸ்பிரிட் (சானிடைசர், தின்னர் மாதிரி மையைக் கரைப்பவை) இந்த மூன்றும் அதன் பக்கம் வராமல் தள்ளி வையுங்கள்.

1. கையெழுத்து வாங்கப் போவதற்கு முன்பே பேனாவை முடிவு செய்யுங்கள்

பெரும்பாலானவர்கள் கையில் கிடைத்த மார்க்கரை நீட்டிவிடுகிறார்கள். பாதிச் சேதம் அங்கேயே தொடங்குகிறது. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் சாதாரண பர்மனென்ட் மார்க்கரில் இருப்பது சாய மை. அது ஆல்கஹால் போன்ற கரைப்பானில் கரைந்திருக்கும் சாயம். எழுதியவுடன் கரைப்பான் பறந்துவிடும், சாயம் மட்டும் தங்கும். தண்ணீர் பட்டால் அழியாது, அதனால்தான் 'பர்மனென்ட்' என்கிறார்கள். ஆனால் வெளிச்சம் பட்டால் மங்கும், சானிடைசர் பட்டால் ஒரே தேய்ப்பில் போய்விடும். கருப்பு மையும் பல சாயங்களின் கலவைதான், அவற்றில் சில சீக்கிரம் வெளுத்துவிடும். அதனால் கருப்பு முதலில் ஊதாவாகவோ பழுப்பாகவோ மாறி, பிறகுதான் மங்கத் தொடங்கும்.

பெயின்ட் மார்க்கர் வேறு ரகம். அதில் இருப்பது நிறமித் துகள், அதாவது உண்மையான பெயின்ட். குலுக்கினால் உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்கும். வெளிச்சத்துக்கு இது எவ்வளவோ தாங்கும். நான் 180 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். மஞ்சள் மர நிற கிட்டாருக்குக் கருப்பு, கருப்பு கிட்டாருக்கு வெள்ளி அல்லது தங்க நிறம் எடுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு: முதல்முறை அழுத்தும்போது மை குபுக்கென்று கொட்டும். வீட்டிலேயே குலுக்கி, முனையை அழுத்தி, ஒரு தாளில் நான்கு வரி எழுதிப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். கலைஞர் கையில் கொடுத்த பிறகு குலுக்கிக்கொண்டு நிற்க முடியாது.

ஒயிட்போர்டு மார்க்கரைத் தவறியும் எடுத்துப் போகாதீர்கள். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், மூடியில் உள்ள எழுத்தைப் படித்துவிட்டு எடுங்கள். பால்பாயின்ட் பேனா வழவழப்பான பரப்பில் வழுக்கும், அழுத்தினால் பூச்சில் பள்ளம் விழும்.

எந்த இடத்தில் போடச் சொல்வது என்பதையும் யோசித்து வையுங்கள். வலது கை ஊன்றும் கீழ்ப்பகுதி, பிக் (கம்பியை மீட்டும் சிறு பிளாஸ்டிக் துண்டு) உரசும் இடம், உடம்போடு ஒட்டும் பின்பக்கம், இந்த மூன்றும் கூடாது. முன்பக்கத்தில் பிரிட்ஜுக்கு (கம்பிகளின் அடிமுனை மாட்டியிருக்கும் கட்டை) கீழே, மெல்லிய கம்பிகள் இருக்கும் பக்கம் ஓரளவு பத்திரமான இடம்.

எலக்ட்ரிக் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. உங்கள் மாடலுக்குப் பொருந்தும் உதிரி பிக்கார்டு (பிக் உரசாமல் கிட்டாரின் முகத்தைக் காக்கும் தகடு) ஒன்றைத் தனியாக வாங்கி, அதில் கையெழுத்து வாங்குங்கள். தட்டையான பிளாஸ்டிக் தகடு, ஒரு ஃபைலில் வைத்து எடுத்துப் போகலாம், பிறகு ஃபிரேம் போட்டுவிடலாம், கிட்டாரை எப்போதும்போல வாசிக்கலாம். லெஸ் பால் வகையில் பிக்கார்டைக் கழற்றுவதும் எளிது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பாகம்) எல்லாம் பிக்கார்டிலேயே மாட்டியிருக்கும், ஒயர் பற்றவைத்திருக்கும், அதனால் கிட்டாரில் இருப்பதைக் கழற்றுவதைவிட உதிரி வாங்குவதுதான் உத்தமம். அகூஸ்டிக் கிட்டாரில் பிக்கார்டு பசையால் ஒட்டியிருக்கும், அதைப் பிய்க்க முயற்சிக்காதீர்கள்.

புறப்படும் முன், கையெழுத்து விழப்போகும் இடத்தை லேசாக ஈரமாக்கிய மெல்லிய துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். வியர்வையோ பாலிஷ் மெழுகோ இருந்தால் மை பிடிக்காமல் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும்.

2. முதல் 24 மணி நேரம்

எங்களுக்கு முதல் அடி விழுந்தது இங்கேதான். கையெழுத்து வாங்கிய கையோடு தம்பி கிட்டாரைத் துணி உறையில் போட்டு, ஜிப்பை இழுத்து, தோளில் மாட்டிக்கொண்டு காட்பாடி ரயில் ஏறிவிட்டான். இரண்டு மணி நேரம் கூட்டத்தில் நின்றபடி வந்திருக்கிறான். வீட்டில் திறந்து பார்த்தால் உறையின் உட்புறத் துணியில் கருப்பாக ஒரு தடம், கண்ணாடியில் பார்ப்பதுபோலக் கையெழுத்தின் தொடக்கம் திருப்பி விழுந்திருந்தது.

தொட்டால் ஒட்டாத அளவுக்கு மார்க்கர் மை ஓரிரு நிமிடத்தில் காய்ந்துவிடும். ஆனால் வழவழப்பான பூச்சில் மை உள்ளே இறங்குவதில்லை, மேலேயே உட்கார்ந்திருக்கிறது. உரசினால் வந்துவிடும். பெயின்ட் மார்க்கர் முழுதாக இறுகுவதற்கு ஒரு நாளாவது வேண்டும்.

ஆகவே கையெழுத்து வாங்கியபின் குறைந்தது இருபது நிமிடம் உறையில் போடாமல் கையிலேயே வைத்திருங்கள். முடிந்தால் ஹார்டு கேஸ் இரவல் வாங்கிப் போங்கள், அதில் மூடி கிட்டாரின் முகத்தை அழுத்தாது. மூடியின் உள்பஞ்சு படுகிறதா என்று வீட்டிலேயே மூடிப் பார்த்துவிடுங்கள். துணி உறைதான் இருக்கிறது என்றால் கம்பிகளுக்கு மேலே ஒரு அட்டையை வைத்துக் கட்டி, துணி நேராகப் படாமல் செய்யலாம். வீட்டுக்கு வந்ததும் ஒரு முழு நாள் விசிறிக்காற்று நேராக அடிக்காத, வெயில் வராத அறையில் படுக்க வையுங்கள். யார் வந்து கேட்டாலும் தூரத்தில் வைத்தே காட்டுங்கள். விரலால் தடவிப் பார்க்காதவர்கள் ரொம்பக் குறைவு.

3. படமும் காகிதமும் அதே வாரத்தில்

கையெழுத்து உண்மையானது என்று பத்து வருடம் கழித்து யாருக்காவது காட்ட வேண்டி வந்தால், அன்றைக்கு நீங்கள் சேர்த்து வைத்ததுதான் பேசும். சேர்க்க வேண்டியவை இவை:

கையெழுத்துப் போடும்போதே எடுத்த படம் அல்லது வீடியோ. கலைஞரின் கை, பேனா, கிட்டார் மூன்றும் தெரிய வேண்டும். பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட செல்ஃபி மட்டும் போதாது.

கச்சேரி டிக்கெட், அழைப்பிதழ், அன்றைய ரயில் டிக்கெட் எல்லாமே. வெப்பத்தாளில் அச்சிட்ட டிக்கெட் இரண்டு கோடையில் வெளுத்துவிடும், உடனே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

கிட்டார் வாங்கிய பில். உள்ளே ஒலித்துளை வழியாகத் தெரியும் லேபிளில் உள்ள மாடல் எண், சீரியல் எண் ஆகியவற்றின் படம். கையெழுத்தும் சீரியல் எண்ணும் ஒரே கிட்டாரில்தான் இருக்கின்றன என்று காட்ட, வெட்டாமல் இரண்டையும் தொடர்ந்து காட்டும் ஒரு வீடியோவும் எடுத்துவிடுங்கள்.

கையெழுத்தின் நெருக்கப் படம். காலை எட்டு ஒன்பது மணிக்கு ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். ஓரத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். நேராக ஒன்று, சாய்வாக இரண்டு. சாய்வாக எடுத்தால்தான் மை மேலே நிற்பது தெரியும்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, போனை மாற்றியபின் அந்தப் பிரதியை மட்டும் வைத்திருப்பார்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவும் சுருங்கும், எடுத்த நாள், நேரம், கேமரா விவரங்களும் போய்விடும். மூலக் கோப்பை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள், ஒரு பென்டிரைவிலும் போடுங்கள்.

அடுத்து ஒரு உறுதிமொழிப் பத்திரம். எந்த நாள், எந்த இடம், யார் கையெழுத்திட்டார், எந்தப் பேனா, உடன் யார் இருந்தார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி நோட்டரி முன் கையெழுத்திடுவது. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தைச் சுற்றி நோட்டரிகள் இருக்கிறார்கள். எத்தனை ரூபாய் முத்திரைத்தாள் வேண்டும் என்று அவரிடமே கேட்டுவிட்டு வாங்குங்கள், பழைய கணக்கில் நீங்களே வாங்கிப்போய் வீணாக்க வேண்டாம். ஆதார் அசல், ஒரு நகல், கூட இருந்தவர் ஒருவர், இவை இருந்தால் அரைநாளில் முடியும். டைப்பிங், நோட்டரி எல்லாம் சேர்த்து எனக்கு 600 ரூபாய்க்குள் ஆனது. இந்தப் பத்திரம் கையெழுத்தை 'உண்மை' என்று நிரூபித்துவிடாது, நீங்கள் சத்தியம் செய்து சொன்னதைப் பதிவு செய்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் சம்பவம் நடந்த அதே வாரத்துத் தேதியோடு இருக்கும் காகிதத்துக்கு மதிப்பு உண்டு.

4. உங்கள் கிட்டாரில் என்ன பூச்சு?

இது தெரியாமல் எதையும் செய்யாதீர்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான கிட்டார்களில் இருப்பது பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர் பூச்சு, கண்ணாடி மாதிரி கெட்டியாக இருக்கும். அதன்மேல் மை சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிட் பட்டால் பூச்சுக்கு ஒன்றும் ஆகாது, கையெழுத்து மட்டும் காணாமல் போகும்.

பளபளப்பில்லாத மேட் பூச்சில் மை கொஞ்சம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதைத் துடைக்கத் துடைக்கத் தேய்ந்து, அந்த இடம் மட்டும் பளபளக்கத் தொடங்கும்.

பழைய விலையுயர்ந்த கிட்டார்களிலும், இன்றும் சில மேல்ரகக் கிட்டார்களிலும் நைட்ரோ செல்லுலோஸ் லேக்கர் இருக்கும். அது மென்மையானது. ரப்பர், ரெக்சின், வினைல் எது தொட்டுக்கொண்டே இருந்தாலும் பூச்சு இளகி ஒட்டிக்கொள்ளும். ஸ்டாண்டின் ரப்பர் காலே அதைத் தின்றுவிடும். எந்தப் பூச்சு என்று கண்டுபிடிக்க அசிட்டோன் வைத்துத் தேய்த்துப் பார்க்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் பார்த்தாலே போதும்.

5. ஸ்பிரே, லேமினேஷன், செல்லோடேப் மூன்றும் வேண்டாம்

"மேல ஒரு கோட் கிளியர் லேக்கர் அடிச்சிடுங்கம்மா, லைஃப் டைம் இருக்கும்" என்று என்னிடம் சொன்னவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் நடந்தது இதுதான்: ஸ்பிரே டின்னில் இருக்கும் தின்னரும் மார்க்கர் மையைக் கரைக்கும் பொருளும் ஒரே குடும்பம். ஈரமாக ஸ்பிரே விழுந்ததும், காய்ந்திருந்த சாயம் மறுபடி கரைகிறது, ஓரங்கள் முதலில் மங்கலாகின்றன, பிறகு ஒரு வால் கீழே இறங்குகிறது. துடைக்கப் போனால் எல்லாம் போய்விடும். நான் துடைக்கப் போனேன். கால்வாசி போனது அதனால்தான், ஓடியதால் மட்டும் இல்லை. உங்களுக்கு இது நடந்துவிட்டால் கிட்டாரை உடனே தட்டையாகப் படுக்க வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். காயும்வரை தொடாதீர்கள்.

ஹேர் ஸ்பிரே அடிக்கச் சொல்வதும் இதே கதைதான், அதில் ஆல்கஹால் இருக்கிறது. நெயில் பாலிஷ், வார்னிஷ் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

செல்லோடேப்பும் மொபைலுக்கு ஒட்டும் ஸ்கிரீன் ஃபிலிமும் பார்க்கச் சுத்தமாக இருக்கும். பசை மையோடு பிணைந்துகொள்ளும், கோடையில் பசை இளகி மஞ்சளாகும், எடுக்கும்போது கையெழுத்தையும் எடுத்துக்கொண்டு வரும். பசையில்லாமல் ஒட்டிக்கொள்ளும் வினைல் ஷீட்டும் வேண்டாம். அதிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருள் மையையும் பூச்சையும் இளக்கும்.

சரி, ஒரு தேர்ந்த ஸ்பிரே ஆள் கிடைத்தால்? புகை மாதிரி மிக மெல்லிசாக, ஒவ்வொரு தடவையும் முழுக்கக் காயவிட்டு, பல தடவை அடித்தால் ஓடாமல் பிடிக்க வைக்கலாம் என்கிறார்கள். அப்படி அடித்துத் தப்பித்த கிட்டார்களும் உண்டு. ஆனால் அடித்தபிறகு பூச்சைத் திரும்ப எடுக்க முடியாது, எடுத்தால் கையெழுத்தும் போகும். பூச்சு அடித்தாலும் வெளிச்சத்தில் சாயம் வெளுப்பது நிற்காது. இதற்குமேலும் செய்வேன் என்றால் அதே மார்க்கரால் ஒரு வழவழப்பான டப்பா மூடியில் எழுதி, ஒரு நாள் காயவிட்டு, அதே ஆள் அதே டின்னில் அதன்மேல் அடித்துக் காட்டட்டும். நான் சோதித்த ஆறு மூடிகளில் நான்கில் ஓரம் கலங்கியது.

6. வாசிப்பதா, வைப்பதா?

இதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். தம்பியும் நானும் இரண்டு நாள் பேசினோம். தினமும் வாசிக்கும் கிட்டாரில் கையெழுத்து நிலைக்காது, அதில் சந்தேகமே வேண்டாம். வியர்வை, சட்டைப் பொத்தான், துடைக்கும் துணி எல்லாமே தேய்க்கும். அவன் கடைசியில் வேறொரு சாதாரண கிட்டாரை 5,500 ரூபாய்க்கு வாங்கி ஞாயிறு சர்ச்சில் அதை வாசிக்கிறான், இது வீட்டில் இருக்கிறது.

எப்போதாவது வாசிப்பேன் என்றால் முழுக்கைச் சட்டை போட்டு, ஸ்டிரம் பண்ணாமல் விரலால் மட்டும் மீட்டுங்கள். கம்பி மாற்றும்போது கிட்டார் பாலிஷ், லெமன் ஆயில் எதையும் முன்பக்கத்துக்குக் கொண்டுவராதீர்கள். பழுதுக்குக் கொடுக்கும்போது "கையெழுத்து இருக்கிறது, முன்பக்கம் துடைக்கக் கூடாது" என்று தாளில் எழுதி கம்பிகளுக்கு இடையில் செருகி, வாயாலும் சொல்லுங்கள். நன்றாகத் துடைத்துப் பளிச்சென்று கொடுப்பதுதான் அவர்களுக்குத் தொழில் மரியாதை, அதனால்தான் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

வைத்துவிடுவது என்றால் கம்பிகளை ஒரு சுருதி, ஒன்றரை சுருதி இறக்கி வையுங்கள். ஸ்டீல் கம்பி கிட்டாரில் ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுவை கொடுக்கின்றன, மாதக்கணக்கில் கோடை வெப்பத்தில் அது பிரிட்ஜைத் தூக்கிவிடும். முழுக்கத் தளர்த்தவும் கூடாது, உள்ளே இருக்கும் இரும்புத் தண்டின் இறுக்கத்தால் கழுத்து பின்பக்கமாக வளையும்.

7. வெளிச்சம்

எங்கள் ஹாலில் மேற்கு ஜன்னல். முதல் இரண்டு கோடை கிட்டார் அதற்கு எதிர்ச்சுவரில் தொங்கியது. கருப்புக் கையெழுத்து செம்பழுப்பாகிவிட்டது, கம்பிகளின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் கோடு கோடாகக் கருப்பு மிச்சமிருந்தது. அதைக் கிட்டே போய்ப் பார்த்த அன்றுதான் வெளிச்சம் என்ன செய்கிறது என்று எனக்குப் புரிந்தது.

அருங்காட்சியகங்களில் சாயம், ஓவியத்தாள் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சம்தான் வைப்பார்கள். நேர் வெயிலில் 1,00,000 லக்ஸ் வரை வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு மணி நேர வெயில் அந்த மங்கிய விளக்கில் 2,000 மணி நேரம் இருப்பதற்குச் சமம். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஃபிலிமை ஜன்னலில் ஒட்டுவது நல்லது, பெட்டி செய்யும் அக்ரிலிக் பிளாஸ்டிக் தகட்டிலும் அப்படி ரகம் உண்டு. ஆனால் சாதாரண வெளிச்சமும் சாயத்தை வெளுக்க வைக்கும். எல்.இ.டி. விளக்கில் புற ஊதா அநேகமாக இல்லை, அதற்காக இரவு முழுக்க ஃபோகஸ் விளக்கு எரியவிடக் கூடாது. நாங்கள் இப்போது உள்ளறைச் சுவரில் மாட்டி, பெட்டியின்மேல் ஒரு பருத்தித் துணி போட்டிருக்கிறோம். யாராவது வந்தால் விலக்கிக் காட்டுகிறோம். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, கண்ணில் படவே வாங்கியது அல்லவா. பிறகு, மை நன்றாக இருந்தபோது எடுத்த படத்தை அசல் அளவில் அச்சிட்டு ஹாலில் மாட்டினோம். தம்பிக்கு அதில் நிறைவுதான்.

8. பெட்டி

போர்டு எழுதும் கடைகளில் அக்ரிலிக் பெட்டி செய்து தருவார்கள். பின்பலகை பிளைவுட், முன்னும் பக்கமும் 5 மில்லிமீட்டர் அக்ரிலிக், எங்களுக்கு 6,800 ரூபாயும் ஒன்பது நாளும் ஆனது. அளவு கொடுக்கும்போது கிட்டாரின் உயரத்துக்கும் அகலத்துக்கும் மேல் எல்லாப் பக்கமும் 4 சென்டிமீட்டர் கூட்டிக் கொடுங்கள், ஆழத்தில் கையெழுத்துக்கும் அக்ரிலிக்குக்கும் இடையே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி கட்டாயம் வேண்டும்.

கவனிக்க வேண்டியது: அக்ரிலிக்கை ஒட்டக் கடைக்காரர்கள் குளோரோஃபார்ம் போன்ற கரைப்பானைத்தான் பயன்படுத்துகிறார்கள். கிட்டாரை உள்ளே வைத்துக்கொண்டு ஒட்டவே விடாதீர்கள். பெட்டி வந்ததும் குறைந்தது ஒரு வாரம் திறந்தே வைத்து, மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்து, வாசனை சுத்தமாகப் போனபிறகு கிட்டாரை மாட்டுங்கள். முன்கதவைப் பசை போட்டு அடைக்காமல் ஸ்குரூ வைக்கச் சொல்லுங்கள். பின்பலகையில் மேலே இரண்டு, கீழே இரண்டு சிறு துளை போட்டு வலைத்துணி ஒட்டினால் காற்றும் போகும், பூச்சியும் வராது. கிட்டார் கழுத்தைத் தாங்கும் கொக்கியில் ரப்பர் இருந்தால் அதன்மேல் பருத்தித் துணி சுற்றுங்கள்.

பெட்டி வேண்டாம், அவ்வளவு செலவு முடியாது என்பவர்கள் ஹார்டு கேஸிலேயே வைக்கலாம், இருட்டுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. பலமுறை துவைத்த பழைய மல் வேட்டித் துண்டு, கஞ்சியும் நீலமும் போடாதது, ஒன்றை மேலே விரித்து மூடுங்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் வேலை செய்யும் உறவினர் இருந்தால் அழகான தோல் உறை தைத்துத் தருவதாகச் சொல்வார்கள். சாயத்தோல் கையெழுத்தின் பக்கம் படாமல் உள்ளே வெள்ளைப் பருத்தி லைனிங் கேளுங்கள், மழைக்காலத்தில் தோலின் சாயம் இறங்கும்.

9. நம் ஊர் வெயிலும் மழையும்

மரத்துக்குப் பிடித்த ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். வேலூரில் மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், பிற்பகலில் காற்று வறண்டுபோய் மரத்தில் வெடிப்பு வரும். வடகிழக்குப் பருவமழையில் அப்படியே தலைகீழ், பூஞ்சை பூக்கும். 450 ரூபாய்க்கு ஈரப்பதமானி ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் வையுங்கள், மற்றதெல்லாம் அதைப் பார்த்துத்தான்.

அக்டோபரில் சிலிகா ஜெல் பைகளை வையுங்கள், தை பிறந்ததும் எடுத்துவிடுங்கள். கோடையிலும் உள்ளேயே விட்டால் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சி மரத்தை வெடிக்க வைக்கும். நீல நிற ஜெல் ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகும், சூடாக்கினால் திரும்ப நீலமாகும். ஆனால் அந்த நீலம் கோபால்ட் உப்பு, நச்சு. சமையல் வாணலியில் போடாதீர்கள், இதற்கென்று ஒரு பழைய தட்டு ஒதுக்குங்கள். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறை, குளியலறையை ஒட்டிய சுவர், வெளிச்சுவர் இவை வேண்டாம். அந்துருண்டையும் வேண்டாம், அதன் ஆவி பூச்சையும் பிளாஸ்டிக்கையும் பாதிக்கும். நிறுத்திய காரில் ஐந்து நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள்.

10. மிருதங்கம், வீணை, வயலின் என்றால்

மிருதங்கத்தில் தோலின்மேல் கையெழுத்து வாங்காதீர்கள். வலந்தலையில் (வலதுபக்கத் தோல்) விரல் விழும், தொப்பியில் (இடதுபக்கத் தோல்) ஒவ்வொரு முறையும் ரவை பூசி ஈரமாக்க வேண்டும், எப்படியும் மூட்டு, அதாவது தோல், மாற்றும் நாள் வந்துவிடும். கட்டையில் வாருக்கு (தோலை இழுத்துக் கட்டும் பட்டை) இடையே தெரியும் மரத்தில் வாங்குங்கள். வார் பிரித்து மூட்டு மாற்றக் கொடுக்கும்போது கட்டையைத் தேய்த்து எண்ணெய் போடுவது வழக்கம், அதனால் அந்த இடத்தைக் காட்டி, உப்புத்தாள் படக்கூடாது என்று சொல்லிவிட்டு வாருங்கள். முடிந்தால் பக்கத்திலேயே உட்காருங்கள்.

வீணை, பழைய ஆர்மோனியம் போன்றவற்றில் பிரெஞ்சு பாலிஷ் இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. அது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. ஸ்பிரிட் மார்க்கரால் எழுதினால் மை அரக்குக்குள் இறங்கிக் கலந்துவிடும், பார்க்க உறுதியாகத் தெரியும். ஆனால் மறுபாலிஷ் போடுகிறவர் ஸ்பிரிட் துணியை ஒரு தடவை ஓட்டினால் அரக்கோடு கையெழுத்தும் துணிக்குப் போய்விடும். வயலின் வார்னிஷிலும் ஸ்பிரிட் வார்னிஷ் வகைக்கு இதே ஆபத்து. இந்த வாத்தியங்களில் எழுதவே வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு நல்ல தாளில் கையெழுத்து வாங்கி, வாத்தியத்தோடு எடுத்த படத்தையும் சேர்த்து ஃபிரேம் போடுங்கள். அந்த வாத்தியம் இன்னும் மூன்று தலைமுறை பாட வேண்டியது.

மிகவும் அரிய கையெழுத்து, ஏற்கெனவே சேதமாகிவிட்டது என்றால் நீங்களே எதையும் செய்யாதீர்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. தனியார் பொருளுக்கு ஆலோசனை தருவார்களா என்று முதலில் கடிதம் எழுதிக் கேட்டுவிட்டு, படங்களோடு போங்கள். வாத்தியத்தை முதல் தடவையே தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

11. காப்பீடு

2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற வீட்டுக் காப்பீட்டைத் தருகின்றன. அதில் சாதாரண வீட்டுப் பொருள்கள் வரும், ஆனால் நகை, ஓவியம், அரும்பொருள் மாதிரி மதிப்புள்ளவற்றுக்குத் தனியாக விருப்பக் காப்பு எடுக்க வேண்டும். கையெழுத்துள்ள கிட்டார் எதில் வரும் என்று பாலிசி எடுக்கும் முன்பே எழுத்தில் கேட்டு, பதிலை வாங்கி வையுங்கள். வாயால் "வரும் சார், வரும் மேடம்" என்று சொன்னது கோரிக்கை வைக்கும் நாளில் நிற்காது. மூன்றாம் படியில் சேர்த்த பில்லும் படங்களும் இங்கே அப்படியே உதவும்.

12. வருடத்துக்கு ஒரு முறை

நாங்கள் பொங்கல் விடுமுறையில் பெட்டியைத் திறக்கிறோம், அப்போதுதான் காற்று காய்ந்தும் இருக்கும், சூடாகவும் இருக்காது. கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு, சானிடைசர் போடாமல், மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டுவோம். கையெழுத்தின்மேல் பிரஷ்கூட ஓடாது, அங்கே கேமரா தூசி ஊதும் ரப்பர் பல்பால் ஊதுவதோடு சரி. அக்ரிலிக்கை வெளியே கொண்டுபோய்த் தண்ணீர்த் துணியால் துடைப்போம், ஸ்பிரிட் பட்டால் அதில் நரம்பு நரம்பாக வெடிப்பு வரும். அப்புறம் அதே ஜன்னல், அதே நேரம், அதே ஸ்கேல் வைத்து ஒரு படம் எடுத்துப் போன வருடத்துப் படத்தோடு ஒப்பிடுவோம். நிறம் இறங்கியிருந்தால் துணியைத் தடிமனாக மாற்ற வேண்டும், இடத்தையும் மாற்ற வேண்டியிருக்கலாம். இந்தத் தை மாதம் எடுத்த படத்துக்கும் போன தைக்கும் எங்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.